மாசி வீதிக்குள் 15 மாடியா? மதுரையின் 9 மீட்டர் விதி

"மதுரை வளராததற்கு முதல் காரணம், மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதிதான். அதை எடுத்துவிட்டு மாசி வீதி, வெளி வீதிகளில் 15, 20 மாடிக்கு அனுமதி கொடுத்தால் ஐந்தே வருடத்தில் ஊர் மாறிவிடும். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்." இணையத்தில் ஒருவர் தொடங்கிய விவாத இழை இது. கீழே இருப்பவை அதில் நான் எழுதிய பதில்கள்.

பிப்ரவரி 11, 2024

சொல்கிறேன். தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. தாத்தா வாங்கிய 2 சென்ட். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அந்த விதி இருப்பதால்தான் இன்றைக்கும் தெருவில் நின்றபடியே கோபுரத்தைப் பார்க்க முடிகிறது. பெங்களூரிலிருந்து வரும் என் மகள் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது அதைத்தான். 15 மாடி வந்துவிட்டால் மதுரைக்கும் மற்ற ஊர்களுக்கும் என்ன வித்தியாசம்?

பிப்ரவரி 11, இரவு

"உணர்ச்சி வேண்டாம், கணக்கு சொல்லுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. நியாயம்தான்.

1 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கி.மீ. 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு மாநகராட்சியின் பரப்பு சுமார் 148 சதுர கி.மீ. ஆக, இந்த விதி கட்டிப்போட்டிருப்பது ஊரில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மீதி 98 சதவீதத்தில் உயரமாகக் கட்ட இந்த விதி யாரையும் தடுக்கவில்லை. மாட்டுத்தாவணி இருக்கிறது, கே.கே. நகர் இருக்கிறது, ரிங் ரோடு முழுக்க நிலம் கிடக்கிறது. அங்கே எத்தனை 15 மாடிக் கட்டடம் வந்துவிட்டது? 98 சதவீதத்தில் வராத வளர்ச்சி இந்த 2 சதவீதத்தைத் திறந்துவிட்டதும் வந்துவிடுமா?

பிப்ரவரி 14

முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "தெருவில் நின்றபடியே கோபுரம் தெரிகிறது" என்று எழுதியிருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போனபோது வேண்டுமென்றே நின்று நின்று பார்த்தேன். எங்கள் சந்தில் ஓர் இடத்திலிருந்தும் கோபுரம் தெரியவில்லை. தெற்கு மாசி வீதியிலும் பெரும்பாலான இடங்களில் கடைப் பலகையும் கம்பிகளும்தான். கோபுரத்தை நோக்கி நேராகப் போகும் தெருக்கள் பிரியும் இடத்தில் மட்டும் சட்டென்று முழு உருவம் வந்து நிற்கிறது. அறுபது வருடம் இங்கே இருந்திருக்கிறேன், எப்போதும் தெரிவதாகவே நினைத்திருக்கிறேன். மனசு அந்த முச்சந்திகளை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டது போல.

பிப்ரவரி 15

ஏன் தெரியவில்லை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வேறு வேலை இல்லை.

தெற்குக் கோபுரம் சுமார் 50 மீட்டர். நாலு வெளிக் கோபுரங்களில் உயர்ந்தது அதுதான், 1559இல் எழுப்பியது. அதற்கு 300 மீட்டர் தள்ளி நான் நிற்கிறேன் என்று வையுங்கள், என் கண் 1.6 மீட்டர் உயரத்தில். எனக்கும் கோபுரத்துக்கும் நடுவே 9 மீட்டர் வீடு ஒன்று. அந்த வீடு என்னிடமிருந்து 46 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் கோபுரத்தின் உச்சியாவது கண்ணில் படும். எங்கள் சந்தின் அகலம் 3 மீட்டர். அப்புறம் எப்படித் தெரியும்?

ஆக 9 மீட்டர் விதி தெருவில் நடப்பவனுக்குக் கோபுரத்தைக் காட்டவில்லை. அதைக் காட்டுவது தெருக்களின் போக்கு. 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்களை ஒழுங்குபடுத்தியபோது அமைந்த போக்கு அது.

அப்படியானால் இந்த விதி எதைக் காக்கிறது?

பிப்ரவரி 15, இன்னும் கொஞ்சம்

மொட்டை மாடியை.

எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும், 7 மீட்டர். மாடியில் நின்றால் என் கண் 8.6 மீட்டரில். கோயில் பக்கமாக 40 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது 9 மீட்டராக இருந்தால் கோபுரத்தின் அடியில் 12 மீட்டர் மறையும், மேலே 38 மீட்டர் தெரியும். அதே கட்டடம் ஒரே ஒரு மாடி கூடி 12 மீட்டர் ஆகட்டும். மேலே 16 மீட்டர்தான் மிஞ்சும். 14 மீட்டரைத் தாண்டினால் கலசம்கூடத் தெரியாது.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 15 மாடிக்கெல்லாம் போக வேண்டாம். அரசு விதிப்படி உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கே 18.3 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. சாதாரண நாலு மாடிக் கட்டடமே எங்களிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடும்.

பிப்ரவரி 20

"மொட்டை மாடிக் காட்சிக்காக ஊர் வளர்ச்சியை நிறுத்துவதா?" என்று ஒருவர் கேட்கிறார்.

எங்கள் மாடி என்ன என்று சொன்னால்தான் புரியும். அம்மா வத்தல் காய வைப்பது அங்கே. மே மாதம் முழுக்க ராத்திரித் தூக்கம் அங்கே, வரிசையாகப் பாய் விரித்து. அம்மா எழுந்ததும் முதல் வேலை, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. முழங்கால் வலி வந்து கோயிலுக்குப் போவது நின்ற பிறகு எட்டு வருடம் அந்தக் கும்பிடுதான் அவருக்குத் தரிசனம். அக்கம்பக்கத்து மாடிகளிலும் அதே நேரத்துக்கு ஆட்கள் நிற்பார்கள். எதிர் மாடி அத்தைக்கும் எங்கள் அம்மாவுக்கும் நாற்பது வருடப் பேச்சு வார்த்தை முழுக்க அப்படி மாடிக்கு மாடி நடந்ததுதான்.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால்தான் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஒருவர் மட்டும் மேலே போனால் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும், பின்னால் இருக்கிற இருபது வீட்டுக்குப் போய்விடும். கோபுரம் தெரியும் அறை என்று சொல்லி நாள் வாடகைக்கு விடும் தங்கும் விடுதி விற்பது, பின்வீட்டுக்காரர்களிடமிருந்து எடுத்ததைத்தான்.

பிப்ரவரி 21

ஆமாம், அந்த விடுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வடமேற்கே, பிளானில் தரை சேர்த்து மூன்று தளம், கட்டியது ஐந்து. நான் மனு கொடுத்தேன். "ஆய்வு செய்யப்படும்" என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கும் அதே வரிதான். பிறகு ஒரு நாள் மேல் இரண்டு தளங்களுக்கு சீல் வைத்தார்கள், சில மாதத்தில் அங்கே மறுபடி விளக்கு எரிந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த விதிமீறல் விஷயத்தில் பலமுறை தலையிட்டிருக்கிறது. ஆனாலும் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய எல்லோராலும் முடிவதில்லை. எனக்கும் முடியவில்லை.

அம்மா கடைசி இரண்டு வருடம் மாடியின் கிழக்கு மூலையில் போய் நின்று கும்பிட்டார். அங்கிருந்து மட்டும்தான் தெரிந்தது.

மார்ச் 2

நேற்று என் தம்பி இதையெல்லாம் படித்துவிட்டு போன் செய்தான். நல்ல கோபம். "அண்ணே, நீங்க கோபுரத்தைப் பத்தி எழுதுறீங்க. எம்மகனுக்கு வைகாசியில கல்யாணம். அவன் எங்க இருப்பான்? மேல ஒரு மாடி எடுக்கலாம்னா 9 மீட்டர்ங்கிறாங்க. விடுதிக்காரனுக்கு இல்லாத சட்டம் நமக்கு மட்டுமா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேட்டது சரி. பணமும் ஆளும் இருப்பவன் மீறுகிறான், பயந்தவன் குடும்பத்தோடு வில்லாபுரத்துக்கோ திருநகருக்கோ குடிபோகிறான். எங்கள் சந்தில் என் சின்ன வயதில் பதினோரு குடும்பம், இன்றைக்கு நாலு. மற்றவை துணி குடோன், பாத்திர குடோன், ஒரு மேன்ஷன். விதி கட்டடத்தின் உயரத்தைக் காப்பாற்றியிருக்கிறது, குடியிருந்த ஆட்களைக் காப்பாற்றவில்லை. இழையைத் தொடங்கியவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 5

தம்பிக்காக மறுபடி கணக்கு. இந்த முறை எனக்கே ஆச்சரியம்.

2 சென்ட் என்றால் 871 சதுர அடி. பழைய வீடு என்பதால் சுவரோடு சுவர் ஒட்டி, மனையில் 90 சதவீதம் கட்டடம். ஒரு தளம் 784 சதுர அடி, இரண்டு தளம் 1,568. சாதாரணக் கட்டடத்துக்கு அரசு இப்போது அனுமதிக்கும் எஃப்எஸ்ஐ 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம், 1,742 சதுர அடி. மிச்சம் எவ்வளவு? 174 சதுர அடி. ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு பாத்ரூம். அவ்வளவுதான்.

கவனியுங்கள். தம்பியைத் தடுப்பது 9 மீட்டர் மட்டும் அல்ல. 7 மீட்டரில் இருக்கும் வீட்டில் இன்னும் 2 மீட்டர் பாக்கி, ஒரு மாடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் உயர விதியை நாளைக்கே ரத்து செய்தாலும் அவனுக்கு ஒரு சதுர அடி கூடப்போவதில்லை. உயர்மாடிக்குக் கொடுக்கும் 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும், சுற்றிலும் இடம் விட வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி வேண்டும். 2 சென்டில் அது நடக்காது. பத்துப் பதினைந்து வீடுகளை மொத்தமாக வாங்கிச் சேர்க்க முடிந்தவருக்குத்தான் நடக்கும்.

ஆக, "விதியை எடுத்தால் வளர்ச்சி" என்பதன் அர்த்தம், எங்கள் சந்து மொத்தமும் ஒருவர் கைக்குப் போவது.

மார்ச் 6

ஒரு சின்னத் திருத்தம். ஹெட்ரூம் (படிக்கட்டு மாடியில் முடியும் இடத்துக்கு மேல் கட்டும் கூண்டு), தண்ணீர் டேங்க் எல்லாம் நேற்றைய கணக்கில் இல்லை. ஆனால் கண்ணை மறைப்பதில் அவையும் சேர்த்திதான். எங்கள் மாடியில் இருக்கிற கறுப்பு சின்டெக்ஸே பின்வீட்டுக்கு ஒரு துண்டு வானத்தை மறைக்கும். இதுவரை அதை நான் யோசித்ததில்லை.

மார்ச் 12

தீயணைப்பு என்றதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. போகட்டும், முக்கியமான விஷயம்.

2018 பிப்ரவரி 2, ராத்திரி. கோயிலுக்குள் வசந்தராயர் மண்டபத்தில் தீ. எங்கள் மாடியிலிருந்து புகையைப் பார்த்தோம். என்ன எரிகிறது என்று தெரியாமல் தெருவே மாடியில் ஏறி நின்று அழுதது.

2020 தீபாவளி நேரத்தில் ஒரு ராத்திரி விளக்குத்தூண் பக்கத்தில் ஜவுளிக்கடையில் தீ. பழைய கட்டடம் இடிந்து விழுந்து, தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அது 15 மாடி இல்லை. நெருக்கமும், உள்ளே திணித்த சரக்கும், குறுகிய தெருவும் போதுமாக இருந்தன. அந்தத் தெருக்களில் தீபாவளி நேரத்தில் மனிதன் நடக்கவே தோளை ஒடுக்க வேண்டும். அதே தெருக்களின் மேல் இன்னும் பத்து மாடி ஆட்களை ஏற்றி வைக்கச் சொல்கிறவர்கள், தயவுசெய்து ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் விளக்குத்தூணிலிருந்து நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மார்ச் 13

விளக்குத்தூண் யாருடையது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிளாக்பர்ன் என்ற கலெக்டர் நினைவாக வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். அந்த வேலையை மேற்பார்த்த இருவரின் பெயர்தான் இன்றைக்கும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அதற்கும் வெளியே வந்ததால் வெளி வீதி.

கேள்விக்கு நன்றி, ஏனென்றால் இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மதுரை ஒரு முறை நெருக்கடியில் திணறியபோது மேலே போகவில்லை, சுவரை உடைத்து வெளியே போனது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல்.

மார்ச் 19

"வெளிநாட்டில் இப்படி எங்கேயாவது உண்டா?"

உண்டு. வாஷிங்டனில் 1910ஆம் வருடச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பொதுவாகத் தெருவின் அகலத்தோடு 20 அடியைக் கூட்டினால் வருவதுதான் கட்டடத்தின் உச்ச உயரம். தெருவைப் பார்த்து உயரம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் 10 அடிச் சந்துக்கு அந்தக் கணக்கில் 30 அடி. 9 மீட்டர் என்பதும் ஏறக்குறைய 30 அடிதான்!

நியூயார்க்கில் வேறு மாதிரி. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலையில் வானுயரக் கட்டடம் கட்டக்கூடாது என்று தடுத்ததை 1978இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு, கட்ட முடியாத தளங்களின் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு விற்கலாம். மதுரையிலும் அப்படிச் செய்தால் என்ன? வட்டத்துக்குள் இருப்பவர் தான் கட்டாத சதுர அடியை மாட்டுத்தாவணியில் கட்டுபவருக்கு விற்கட்டும், அந்தக் காசில் வீட்டைப் பழுதுபார்க்கட்டும், குடியிருக்கட்டும்.

மார்ச் 20

தூங்கி எழுந்ததும் அந்த யோசனையில் ஓட்டை தெரிந்தது. உரிமையை யாராவது வாங்க வேண்டுமே. நியூயார்க்கில் நிலம் தீர்ந்துவிட்டது, அதனால் காற்றையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே ரிங் ரோட்டில் காலி மனை கிடக்கும்போது எவர் என்னுடைய சதுர அடியை வாங்குவார்? ஊர் வெளியே நன்றாக நெருங்கி வளர்ந்த பிறகுதான் அது எடுபடும். அதுவரைக்கும் சொத்து வரியில் சலுகை, பழைய வீட்டைப் பழுதுபார்க்க வட்டி குறைந்த கடன், இந்த மாதிரி எளிய வழிதான். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும், குடோனுக்குக் கிடையாது.

ஏப்ரல் 22

இன்று தேர். நாலு மாசி வீதியும் ஜனக்கடல். மகள் வந்திருக்கிறாள், தம்பி குடும்பம் வந்திருக்கிறது, வருங்கால மருமகளும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். காலையிலேயே மாடியில் இடம் பிடித்துவிட்டோம். தேர் வீதியில் திரும்பும்போது மேல் சீலையும் கொடியும் மட்டும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே மெல்ல நகரும், பின்னால் கோபுரம் அசையாமல் நிற்கும். வாண வேடிக்கை மாதிரி ஒரு நொடியில் முடிவதில்லை. சுற்றி எல்லா மாடியிலும் ஆட்கள், எல்லோருக்கும் தெரிகிறது. விடுதியின் நேர் பின்னால் இருக்கிற இரண்டு மாடியில் மட்டும் யாரும் இல்லை.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது. மதினி மோர் கொண்டுவந்திருக்கிறார்.

மே 3

174 சதுர அடிக்குத் தம்பி ஒத்துக்கொண்டுவிட்டான். மேலே ஓர் அறை, 9 மீட்டருக்குள் அடங்குகிற தாழ்ந்த கூரை. மாடியின் தெற்கு ஓரத்தில் என்று முடிவு. வடக்குப் பக்கம் கோபுரம் பார்க்கத் திறந்தே இருக்கும். எனக்கு நிம்மதி.

மே 5

கொத்தனார் வந்து நூல் பிடித்தார். தெற்கு ஓரத்தில் நாலு மூங்கில் நட்டு, கூரை வரும் உயரத்துக்குக் கயிறு கட்டினார். நான் கீழே இறங்கி வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எங்களுக்குத் தெற்கே பின்வீடு. அங்கே ஓர் அக்கா, வயது எழுபதுக்கு மேல், தினமும் விடியும்போது மாடிக்கு வருவார். எங்கள் அறை எங்களுக்கு ஒன்றையும் மறைக்காது. அவருக்கு?

மே 6

விடியற்காலை பின்வீட்டுக்குப் போய், "அக்கா, உங்க மாடியில நின்னு ஒண்ணு பார்க்கணும்" என்றேன். கூட்டிக்கொண்டு போனார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றேன். எங்கள் கயிறு கோபுரத்தின் பாதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. "நேத்தே பார்த்தேன்யா, கல்யாண வீடு, என்னத்தச் சொல்ல" என்றார்.

தம்பியைப் போன் செய்து வரவழைத்தேன். அவன் எங்கள் மாடியில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டான், நானும் அக்காவும் இந்தப் பக்கம். "இன்னும் மேற்கே... இன்னும்." ஆறடி தள்ளியதும் கயிறு கோபுரத்தை விட்டு விலகி விடுதிச் சுவரோடு சேர்ந்துகொண்டது. எப்படியும் அந்தப் பக்கம் தெரிவது அந்தச் சுவர்தான். அறை கொஞ்சம் கோணலாக வரும், பாத்ரூம் கதவை வேறு பக்கம் வைக்க வேண்டும் என்று கொத்தனார் முனகினார். தம்பி மூங்கிலை அங்கேயே நட்டுவிட்டான்.